தண்ணீர் வடிந்த பிறகு விழுந்த சுவர்: ஒரு மலையூர் ஆற்றங்கரையின் நிகழ்வு ஆய்வு

விடியற்காலை நாலரை மணிக்குப் போன் வந்தது. ஆற்றங்கரைச் சுவர் போய்விட்டது என்று ஒரே வரிதான். நான் போய்ச் சேரும்போது மழை விட்டிருந்தது, ஆனால் இருட்டு விலகவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். சுமார் 40 மீட்டர் நீளத்துக்குக் கருங்கல் சுவர் ஆற்றுக்குள் குப்புறப் படுத்துக் கிடந்தது. கல் கல்லாகச் சிதறியிருந்தால் சிமென்ட் கலவையைக் குறை சொல்லலாம். அப்படி இல்லை. உச்சியில் போட்ட கான்கிரீட் பட்டை பெரும்பாலும் முறியாமல் ஒரே கோடாக இருந்தது.

விழாமல் நின்ற பகுதியில் சேற்றுக்கோடு தெளிவாகத் தெரிந்தது. அது சுவரின் உச்சிக்கு இரண்டடி கீழே இருந்தது. அப்படியென்றால் வெள்ளம் சுவரைத் தாண்டவே இல்லை.

எதிர்க்கரையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. கடைக்கு ஆறு படிகள். எத்தனை படி முழுகியது என்பதை வைத்துத்தான் பாத்திரங்களை எடுப்பதா, குழந்தைகளை எழுப்புவதா என்று முடிவு செய்வார். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்தேன். "ஒரு மணிக்கு நாலாவது படி வரைக்கும் வந்துச்சு தம்பி. அப்ப சுவர் நல்லாத்தான் நின்னுச்சு. மூணு மணிக்கு மேல தண்ணி இறங்கிருச்சு, ரெண்டாவது படிதான். சரி, தப்பிச்சோம்னு அடுப்புல உலை வெச்சேன். அப்பத்தான் மெதுவா சாஞ்சுச்சு. சத்தம்கூடப் பெருசா இல்ல."

வெள்ளம் உச்சத்தில் இருந்தபோது நின்ற சுவர், வடிந்த பிறகு விழுந்திருக்கிறது. இந்த ஆய்வு முழுக்க அந்த ஒரு வரியிலிருந்துதான் பிறந்தது. அந்த வேலையில் சைட் இன்ஜினியர் நான். வரைபடத்தில் கையெழுத்துப் போட்டது வேறொருவர் என்றாலும் தினமும் அங்கே நின்றவன் நான்தான். அதனால் எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஊரும் ஆறும்

ஊர் நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. பெயர் இங்கே தேவையில்லை. குன்னூரில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஆறு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊரின் அமைப்பு சட்டென்று பிடிபடும். நடுவே ஆறு, இரு கரையிலும் கடைவீதி, ஒரு பாலம், பாலத்துக்குக் கீழே காய்கறிக் கடைகள், அதற்கும் கீழே வரிசை வீடுகள். மலையில் சமதளம் அரிது. கிடைக்கிற சமதளமும் பெரும்பாலும் ஆறு கொண்டுவந்து போட்ட மண்தான். சந்தை, பஸ் ஸ்டாண்ட், பள்ளிக்கூட மைதானம் எல்லாம் அங்கேதான் வந்து உட்காரும். ஊட்டியிலும் இதே கதை. 1820-களில் அப்போதைய கோவை கலெக்டர் சல்லிவன் உருவாக்கிய ஏரி சுருங்கி, அதன் பழைய பரப்பில்தான் ரேஸ் கோர்ஸும் பஸ் ஸ்டாண்டும் வந்தன. அந்தப் பக்கம் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்து ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கிழக்குச் சரிவுக்குத் தென்மேற்குப் பருவமழை அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை. அது கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.-க்கு மேல் பெய்தது அந்தப் பருவத்தில்தான். குன்னூர், கோத்தகிரி, பர்லியார் பக்கத்துக்குக் கண்டம் ஐப்பசியும் கார்த்திகையும். 1978 நவம்பர், 1993 நவம்பர், 2009 நவம்பர் என்று வயதானவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். 1993-ல் மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே மலை சரிந்து ஆட்களையும் வண்டிகளையும் அடித்துக்கொண்டு போனது. 2009-ல் கேத்தி, குன்னூர், ஊட்டி சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

சமவெளியில் காவிரியில் வெள்ளம் வருவதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். மேட்டூரில் எவ்வளவு திறந்தார்கள் என்று தெரிந்தால் எந்த ஊருக்கு எப்போது தண்ணீர் வரும் என்று கணக்குப் போட முடியும். இங்கே அந்த அவகாசம் கிடையாது. எங்கள் ஆற்றுக்குத் தண்ணீர் தரும் சரிவுகளின் பரப்பு சுமார் 10 சதுர கிலோமீட்டர். அதில் ஒரு மணி நேரம் 50 மி.மீ. மழை பெய்தால் 50 கோடி லிட்டர் தண்ணீர். மண் ஏற்கெனவே ஊறிக் கிடந்து, அதில் பாதி அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஓடி வந்தால், கடைவீதியைத் தாண்டிப் போவது நொடிக்கு 70 கன மீட்டர். மேலே சரிவில் கறுத்துக் கொட்டும் மழை அரை மணியில் பாலத்தடியில் இருக்கும்.

அதோடு வருவது வெறும் தண்ணீரும் இல்லை. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது நீரியலில் பழைய கணக்கு. சாதாரண நாளில் கூழாங்கல்லை நகர்த்தும் ஆறு, அன்றைக்கு அம்மிக்கல்லை உருட்டும். ராத்திரி ஆற்றுக்குள் கல்லோடு கல் மோதும் சத்தம் வீட்டுத் தரையில் அதிரும். அக்கா கடையில் நின்றால் அதைக் காலில் உணரலாம்.

முதல் சுவர்

விழுந்த சுவரைக் கட்டுவதற்கு முன் வந்த வெள்ளத்தில் கரை அரித்துக் கடைகளுக்குள் தண்ணீர் வந்தது. மக்கள் கேட்டது ஒன்றே ஒன்று, உயரமான சுவர். கூட்டத்தில் பேசிய எல்லோரும் உயரத்தைப் பற்றித்தான் பேசினார்கள். எஸ்டிமேட்டும் அப்படியே தயாரானது. ஆற்றுப் படுகைக்கு மேல் 3 மீட்டர், கீழே அஸ்திவாரம் 90 சென்டிமீட்டர்.

அஸ்திவாரம் தோண்டும்போது பாறை வரவில்லை. நீலகிரியின் அடியில் சார்னோகைட் என்ற கெட்டியான பாறை உண்டு. ஆனால் அதற்கு மேல் பல மீட்டர் ஆழத்துக்கு மக்கிய செம்மண் போர்த்தியிருக்கும். எங்களுக்குக் கிடைத்தது உருண்டைக் கல்லும் செம்மண்ணும் கலந்த ஒரு கெட்டி அடுக்கு. கடப்பாரை போட்டால் 'ணங்' என்றது. 90 சென்டிமீட்டர் வந்துவிட்டது, கெட்டியாக இருக்கிறது, போதும் என்று எழுதினோம்.

மேஸ்திரிக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். தேயிலைத் தோட்டங்களில் கல் சுவர் கட்டியே வளர்ந்தவர். அவர் மட்டும் குழிக்குள் இறங்கிக் கையால் ஒரு கல்லைப் பிடுங்கினார். அது வந்தது. "சார், எங்கையிலயே வருது. ஆத்துக்கு வராதா?" என்று கேட்டார். "மேல வர்ற தண்ணிக்கு எல்லாரும் பயப்படறாங்க சார். இது கீழ தோண்டிட்டுப் போற தண்ணி."

அவர் சொன்னதை அலுவலகத்தில் சொன்னேன். ஆழப்படுத்தினால் எஸ்டிமேட் திருத்த வேண்டும், திருத்தினால் மார்ச்சுக்குள் பில் போகாது, நிதி திரும்பிவிடும் என்றார்கள். அது பொய்யில்லை. நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும்.

இரண்டாவது தவறு சுவரின் முதுகில் நடந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மலையில் விழும் தடுப்புச் சுவர்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் நோய்.

தடுப்புச் சுவருக்குப் பின்னால் நிரப்பும் மண் சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். 3 மீட்டர் உயரத்துக்கு மண் காய்ந்திருந்தால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் அந்தத் தள்ளல் சுமார் 2.7 டன். அதே மண் தண்ணீரில் ஊறி, தண்ணீருக்கு வெளியேற வழி இல்லாமல் உச்சி வரை நின்றால், தண்ணீர் மட்டும் தனியாக 4.5 டன் தள்ளும். மண்ணின் பங்கையும் சேர்த்தால் 6 டன்னை நெருங்கும். இரண்டு மடங்குக்கும் மேல். இதற்காகத்தான் சுவரில் கசிவுத் துளைகள் விடுவது, இதற்காகத்தான் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் அடுக்கு கல்லும் ஜல்லியும் போடுவது. மலைப்பகுதித் தடுப்புச் சுவருக்கென்றே உள்ள இந்தியத் தரநூல் ஐஎஸ் 14458. யாரும் கண்டுபிடிக்காத ரகசியம் எதுவும் இதில் இல்லை.

எங்கள் சுவரில் துளைகள் இருந்தன. வரைபடத்தில் காட்டிய இடைவெளியில், ஒழுங்காக, வெளியிலிருந்து பார்க்க அழகாக இருந்தன. பின்னால் கல் அடுக்கு இல்லை. தோண்டிய செம்மண்ணையே ஜேசிபியில் அள்ளி நேரடியாகக் கொட்டி மூடிவிட்டார்கள். ஜல்லி லாரி மேலே வரச் சாலை அனுமதி கிடைக்கவில்லை என்று ஒப்பந்ததாரர் தரப்பில் காரணம் சொன்னார்கள். அன்றைக்கு நான் வேறொரு வேலையிடத்தில் இருந்தேன். திரும்பி வந்தபோது மண் நிரம்பி, மேலே நடைபாதைக்குச் சமப்படுத்தியாகிவிட்டது. செம்மண் நனைந்தால் களிமண் மாதிரி. ஒவ்வொரு துளையின் உள்வாயிலும் அது அப்பி, உலர்ந்து, அடைத்துக்கொண்டது.

இப்போது அக்கா சொன்ன நேரக் கணக்குக்குத் திரும்புவோம். ஒரு மணிக்கு ஆறு உச்சத்தில் இருந்தபோது முதுகுப்புறம் மண்ணும் தண்ணீரும் சுவரை ஆற்றுப் பக்கம் தள்ளின. ஆனால் முன்னால் ஆற்றுத் தண்ணீரே முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றது. மூன்று மணிக்கு ஆறு இறங்கியதும் அந்த முட்டு போனது. பின்னால் ஊறிய மண்ணில் இருந்த தண்ணீரோ வெளியேற முடியாமல் அப்படியே நின்றது. கீழே, வளைவின் வெளிப்பக்கத்தில் வேகமாகச் சுழன்ற ஓட்டம் அஸ்திவாரத்தின் முன்விளிம்பில் இருந்த உருண்டைக் கற்களை ஏற்கெனவே உருவி எடுத்துவிட்டிருந்தது. காலுக்கடியில் மண் இல்லை, முதுகில் 6 டன். சுவர் முன்னால் கவிழ்ந்தது.

காலை வெளிச்சம் வந்ததும் கவிழ்ந்த சுவரின் முதுகு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி அதன் மேல் ஏறி நடந்தார். ஒரு துளையில் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் இட்லி மாவு மாதிரி செம்மண். என்னிடம் காட்டினார். எதுவும் சொல்லவில்லை.

பாலம்

வளைவில் தண்ணீர் அவ்வளவு வேகமாகச் சுழன்றதற்குப் பாலமும் காரணம். பழைய இரண்டு கண் பாலம். ஒவ்வொரு கண்ணும் 3 மீட்டர், நடுவே தடித்த கல் தூண். கண்ணுக்குக் குறுக்கே யாரோ ஒரு காலத்தில் குடிநீர்க் குழாயைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த ராத்திரி ஒரு முழு யூகலிப்டஸ் கிளை தூணில் குறுக்கே மாட்டியது. அதில் வேரோடு வந்த தேயிலைச் செடிகள் சிக்கின, ஒரு மெத்தை சிக்கியது, பிறகு பிளாஸ்டிக் சாக்குகள். ஒரு கண் மூடிக்கொண்டது. இரண்டு கண்ணிலும் பிரிந்து போக வேண்டிய மொத்த ஆறும் மற்ற கண் வழியாகப் பீய்ச்சி அடித்து, நேராக எங்கள் சுவரின் காலில் போய் விழுந்தது. சுவருக்கான எஸ்டிமேட்டில் பாலம் வரவே இல்லை. பாலம் வேறொரு துறையின் சொத்து.

வெள்ளத் தடுப்பு என்றால் கரையின் நீளத்தை அளந்து சுவர் போடுவது என்றுதான் நாம் பழகிவிட்டோம். ஆறு எங்கே குறுகுகிறதோ அங்கேதான் வெள்ளம் தீர்மானமாகிறது. ஒரு ஊரின் கரை முழுக்கச் சுவர் கட்டுவதைவிட அடைபடும் ஒரு பாலத்தை மாற்றுவது அதிகம் காப்பாற்றும் என்று இந்த வேலைக்குப் பிறகு உறுதியாக நம்புகிறேன்.

மேலே இருந்த சதுப்பு

சுவர் விழுந்த பிறகு ஒரு வாரம் ஆற்றோடு மேலே நடந்தேன். வேலை ஆரம்பிக்கும் முன்பே நடந்திருக்க வேண்டிய நடை அது. ஊருக்கு மேலே இரண்டு கிலோமீட்டரில் ஒரு தாழ்ந்த வெளி இருந்தது. எனக்கு நினைவு தெரிந்து அங்கே கோரைப்புல்லும் கணுக்கால் அளவு தண்ணீருமாக எப்போதும் சொதசொதவென்று இருக்கும். எருமைகள் மேயும். மழைக்காலத்தில் ஆறு அதற்குள் பரவி, ஓய்வெடுத்து, கல்லையும் மண்ணையும் அங்கேயே போட்டுவிட்டுத் தெளிந்து கீழே வரும். இப்போது அதில் பாதிக்கு மேல் மண் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். மலையை வெட்டித் தங்கும் விடுதிகள் கட்டும்போது வெளியே வந்த மண். ஒரு பக்கம் கான்கிரீட் போட்ட கார் நிறுத்துமிடம். மீதியில் கேரட். ஆறு ஓரமாக ஒரு வாய்க்காலுக்குள் ஒதுக்கப்பட்டு, வேகம் குறையாமல் கீழே பாய்ந்தது.

காசு செலவில்லாமல் ஊரைக் காத்துக்கொண்டிருந்த இடம் அது. ஒரு காகிதத்திலும் வெள்ளத் தடுப்பு என்று அதற்குப் பெயர் இல்லை. அதனால் அது போனபோது யாருடைய கணக்கிலும் நஷ்டம் எழுதப்படவில்லை. சரிவில் மண்ணையும் நீரையும் பிடித்து வைப்பது எப்படி என்று ஊட்டியில் உள்ள மண், நீர்வள ஆராய்ச்சி மையம் 1954-லிருந்து வேலை செய்துவருகிறது. படிக்கட்டு வயல், சம உயர வரப்பு, புல் வரிசை எல்லாம் இந்த மாவட்ட விவசாயிகளுக்குத் தெரிந்த விஷயங்கள்தான். சரிவின் மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டால் தண்ணீர் சீக்கிரம் வடியும், கிழங்கு அழுகாது என்பதால் பலர் அப்படிச் செய்கிறார்கள். அவர்களுக்கு அது அந்தப் போகத்தின் வருமானம். கீழே எங்களுக்கு அது படுகையில் ஓரடி வண்டல்.

இரண்டாவது சுவர்

இந்த முறை உயரத்தைக் கூட்டவில்லை. அதே 3 மீட்டர். வளைவின் வெளிப்பக்கத்தில் பாறை தட்டும் வரை தோண்டினோம். சில இடங்களில் இரண்டரை மீட்டர் போக வேண்டியிருந்தது. ஒரு இடத்தில் பாறை கிடைக்கவே இல்லை. அங்கே சுவருக்குப் பதிலாகக் கம்பி வலைப் பெட்டிகளில் கல் நிரப்பிய கேபியன்களைப் படி மாதிரி அடுக்கினோம். கேபியனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அடியில் மண் அரித்தால் அது முறியாமல் வளைந்து குழிக்குள் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீரும் அதன் இடுக்குகளில் தானாக வெளியேறும். பார்க்க அழகில்லை என்று கடைக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். எனக்கு அது அழகாகத்தான் தெரிகிறது. சுவரின் காலில், படுகையின் மேல், ஆள் தூக்க முடியாத பெரிய கற்களை இரண்டு மீட்டர் அகலத்துக்குப் பரப்பினோம். அரிப்பு வந்தால் முதலில் அந்தக் கல் சரிந்து இறங்கிப் பள்ளத்தை மூடும்.

முதுகில் இரண்டடி அகலத்துக்குக் கல்லும் ஜல்லியும். மேஸ்திரி அதைக் கொட்ட விடவில்லை, கையால் அடுக்கினார். பெரியது சுவர்ப் பக்கம், சிறியது மண் பக்கம். ஒவ்வொரு துளையிலும் பிவிசி குழாய், உள்வாயில் வலை. அடுக்கு முடியும் வரை மண் தள்ள ஜேசிபியை நான் அருகே விடவில்லை. முதல் சுவரைவிட ஒன்றரை மாதம் கூடுதலாக ஆனது.

பாலத்துக்கு மட்டும் இரண்டு வருடம் கடிதப் போக்குவரத்து நடந்தது. கடைசியில் நடுத்தூண் இல்லாத ஒற்றைக் கண் பாலம் வந்தது. குடிநீர்க் குழாய் பாலத்தின் தளத்துக்கு மேலே ஏறியது. பாலத்தின் பக்கச்சுவரில் மஞ்சள், சிவப்பு என்று இரண்டு கோடு போட்டோம். அது அக்காவின் படிக்கணக்கிலிருந்து எடுத்தது. அவருடைய மூன்றாவது படி மஞ்சள், நாலாவது சிவப்பு. மேலே சதுப்பு இருந்த இடத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், தண்ணீர் வாய்க்காலைத் தாண்டினால் போன் செய்கிறார். அரை மணி கிடைக்கிறது. கடைச் சாமானை ஏற்றவும் வரிசை வீடுகளிலிருந்து வயதானவர்களைக் கூட்டி வரவும் அது போதும்.

செய்யாமல் விட்டதையும் சொல்ல வேண்டும். சதுப்பை மீட்கவில்லை. மண் கொட்டுவது நின்றிருக்கிறது, கொட்டிய மண் அங்கேயே இருக்கிறது. வரிசை வீடுகளை ஆற்றோரத்திலிருந்து மாற்றும் பேச்சு ஒவ்வொரு நவம்பரிலும் எழுந்து ஜனவரியில் அடங்குகிறது. மாற்று வீடு என்று காட்டிய இடம் ஊரிலிருந்து பல கிலோமீட்டர். அங்கிருந்து காலை ஏழு மணிக்குத் தோட்டத்தில் பேர் கொடுக்க எந்த பஸ்ஸும் இல்லை. அங்கே போங்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆறு எட்டும் தூரத்தில் அவர்கள் தூங்குவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. நடந்து வேலைக்குப் போகும் தூரத்தில் மேட்டு நிலம் கொடுப்பது ஒன்றுதான் வழி. அப்படிப்பட்ட நிலம் ஊரில் இருக்கிறது, விடுதிகளுக்குக் கிடைத்துக்கொண்டும் இருக்கிறது.

பிறகு இரண்டு பெரிய மழை வந்துவிட்டது. இரண்டாவது முறை தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ராத்திரி முழுக்கத் துளைகளிலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தது. சுவர் அசையவில்லை. பாலத்தில் எதுவும் மாட்டவில்லை. ஆனால் மழை நின்று பார்த்தபோது படுகை ஓரடிக்கு மேல் உயர்ந்திருந்தது. 3 மீட்டர் சுவர் இப்போது 2.7 மீட்டர் கூட இல்லை. வண்டல் அள்ள வருடா வருடம் தனி நிதி வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஒரு வருடம் வந்தது, அடுத்த வருடம் வரவில்லை.

புரட்டாசி கடைசியில் நானும் மேஸ்திரியும் ஒரு 10 மி.மீ. கம்பியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்குகிறோம். ஒவ்வொரு துளையாகக் குத்திப் பார்ப்போம். இந்த முறை பதினொரு துளைகள் அடைத்திருந்தன. சிலதில் மண், சிலதில் கடைகளிலிருந்து வந்த பாலித்தீன் உறை, ஒன்றில் குருவிக் கூடு. கூட்டில் குஞ்சு இல்லை என்று பார்த்த பிறகுதான் அதை எடுத்தோம். கடைசித் துளையில் கம்பி முட்டிக்கொண்டு நின்றது. மேஸ்திரி சுழற்றிச் சுழற்றி உள்ளே விட்டார். முதலில் சேறு வந்தது, அப்புறம் கலங்கல், அப்புறம் விரல் தடிமனில் தெளிந்த தண்ணீர்.